விர்ச்சுவல் மெமரியும் அப்பாவின் பொட்டியும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. மன்னிச்சுக்கோங்க மக்களே. இந்தப் பதிவுல கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் சொந்தக் கதை. டெக்னிக்கல் வேணாம்னு நினைக்கிறவங்க நடுவுல நாலு பத்தி தாண்டிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

மாயவரத்துல எங்க வீட்டு ஹால்ல ஒரு பொட்டி இருக்கு. 2005ல அப்பா வாங்கினது. அப்போ நான் மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். பென்டியம் 4, 512 எம்பி ரேம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அதுல பின்பால் ஆடித்தான் நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும்னு முடிவு பண்ணினேன்னு அம்மா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. அன்னையிலேர்ந்து அதுக்கு நெட் கனெக்‌ஷன் கிடையாது. ஆனா பொட்டி ஓடுது. அப்பா ஓட்டுறார்.

"ஒரு லேப்டாப் வாங்கித் தரேம்ப்பா"ன்னு நான் சொல்லாத தீபாவளி இல்லை. அவர் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். பதில் எப்பவும் ஸ்டெப் போட்டுத்தான் வரும். ஒண்ணு, ஸ்கேனருக்கு எக்ஸ்பி டிரைவர்தான் இருக்கு. ரெண்டு, அவர் டைப் பண்றது பேஜ்மேக்கர்ல. அது யூனிகோட் வர்றதுக்கு முந்தின காலத்துப் பழைய தமிழ் ஃபான்ட்ல. அந்த ஃபைலை இன்னொரு இடத்துல திறந்தா தமிழ் வராது, கொக்கி கொக்கியா என்னமோ வரும். மூணு, "இதுல என்னடா குறை?"

குறை போன பொங்கலுக்கு முன்னாடி வந்தது.

அதுக்கு முன்னாடி அப்பா என்ன பண்ணிக்கிட்டு இருக்கார்னு சொல்லணும். தாத்தா ரயில்வேயில பாயிண்ட்ஸ்மேன். அறுபதுகள்ல விழுப்புரம், திருத்துறைப்பூண்டி, மண்டபம்னு எங்கெங்கேயோ டூட்டி. அங்கேர்ந்து அப்பாயிக்கு இன்லேண்ட் லெட்டர் போடுவார். எல்லாம் பென்சில்ல எழுதினது. அறுபதுக்கும் மேல கடிதங்களை அப்பாயி டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தாங்க. அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்துல பக்கத்து வீட்டுல யாராவது படிச்சுச் சொல்லுவாங்களாம். இப்போ 91 வயசு, கண்ணும் தெரியலை. அந்தக் கடிதங்களை ஸ்கேன் பண்ணி, மடிப்புக் கறையெல்லாம் துடைச்சு, எதிர்ப்பக்கத்துல அதையே டைப் பண்ணி ஒரு சின்ன புஸ்தகம் போடணும்னு அப்பாவுக்கு ஆசை. அப்பாயி இருக்கிறப்பவே கையில குடுக்கணும். இதுல அவசரம் எதுக்குன்னு வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொல்றது இல்லை.

அப்பா போன் பண்ணினார். "தம்பி, பொட்டி என்னமோ சொல்லுதுடா. விர்ச்சுவல் மெமரி கம்மியா இருக்காம். பேஜிங் ஃபைலைப் பெருசு பண்றேங்குது. அதுக்கப்புறம் அப்படியே நிக்குது."

பொங்கலுக்குப் போனப்போ பார்த்தேன். அதாவது பார்த்தேன்னு நினைச்சேன். சி டிரைவ் 15 ஜிபி, அதுல மிச்சம் 200 எம்பி. மறைஞ்சிருக்கிற ஃபைல்களைக் காட்டச் சொன்னா சி டிரைவ் வாசல்லயே பேஜ் ஃபைல் 768 எம்பிக்கு உட்கார்ந்திருக்கு. நைட்டு ட்ரெயினுக்கு டிக்கெட் போட்டாச்சு, அம்மா இட்லி கட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்கு மூளையில பல்பு எரிஞ்சுது. மை கம்ப்யூட்டர்ல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்ட், விர்ச்சுவல் மெமரியில சேஞ்ச். "நோ பேஜிங் ஃபைல்" தட்டி, செட் அமுக்கி, ரீஸ்டார்ட்.

பொட்டி பறந்துச்சு! சி டிரைவ்ல இடம் வந்தாச்சு, மெசேஜும் வரலை. "இன்ஜினியர் புள்ளைன்னா சும்மாவா"ன்னு அம்மா சொன்னாங்க. நான் இட்லியை வாங்கிக்கிட்டு கெத்தா ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன்.

மூணு நாள் கழிச்சு அப்பாகிட்டேர்ந்து போன். ஒரு கடிதத்தை ஸ்கேன் பண்ணி நேரா எடிட்டர்ல எடுத்து, ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்து மடிப்புக் கோட்டையும் எண்ணெய்க் கறையையும் துடைச்சிருக்கார். எல்லாத்தையும் முடிச்சுட்டு சேவ் பண்ணலாம்னு வெச்சிருந்தார். 'மெமரி போதவில்லை'ன்னு ஒரு கட்டம் வந்துது, ஓகே அமுக்கினார், எடிட்டரே காணோம்.

"சரி, போகுது. திரும்ப ஸ்கேன் பண்ணினேன்"னார்.

"அப்பாடா, ஒரிஜினல்தான் இருக்கே"ன்னு நான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "மடிப்புல பொடியாயிடுச்சுடா. ரெண்டு வார்த்தை போச்சு."

அறுபது வருஷத்துக் காகிதம். ஒவ்வொரு தடவை கண்ணாடியில வெச்சு எடுக்கிறப்பவும் அதோட ஆயுசு குறையுது. ஒரு தடவைதான் வைக்கணும்னு அவ்வளவு கவனமா இருந்தவர். முதல் ஸ்கேன்ல அந்த ரெண்டு வார்த்தையும் முழுசா இருந்துச்சு. ஆனா என்ன வார்த்தைன்னு அவர் இன்னும் டைப் பண்ணலை.

அவர் என்னைத் திட்டலை. செட்டிங் மாத்தினது நான்தான்னு அவருக்குத் தெரியுமாங்கிறதே எனக்கு நிச்சயமா தெரியலை. அடுத்த சனிக்கிழமை விடிகாலை மாயவரத்துல இறங்கிட்டேன்.

சரி, இனிமே நாலு பத்தி டெக்னிக்கல்.

ரேம்ங்கிறது சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க் பரண். மேடையில இடம் பத்தலைன்னா உடனே தேவைப்படாத பாத்திரத்தைப் பரண்ல ஏத்தி வெச்சுட்டு, வேணும்கிறப்போ இறக்கிக்கிறோம். இதைத் தானாவே செய்ற ஏற்பாடுதான் விர்ச்சுவல் மெமரி. இங்கிலாந்துல மான்செஸ்டர்ல 1962ல ஓட ஆரம்பிச்ச அட்லஸ் கம்ப்யூட்டர்லதான் இதை முதல்ல செஞ்சாங்க. சுமார் 16,000 சொற்களுக்கு கோர் மெமரி, அதுக்குப் பின்னாடி 96,000 சொற்களுக்கு மேக்னடிக் டிரம். ப்ரோகிராம் எழுதறவருக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே மெமரி மாதிரி தெரியும். எக்ஸ்பியில பரண்ல வைக்கிற துண்டு ஒவ்வொண்ணும் 4 கேபி. அதுக்குப் பேர் பேஜ்.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். பேஜ் ஃபைல்னா ரேம் நிரம்பினதுக்கு அப்புறம் கொட்டி வைக்கிற இடம்னு மட்டும் நினைச்சேன். விண்டோஸ்ல அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. ஒரு ப்ரோகிராம் "எனக்கு 100 எம்பி வேணும்"னு கேட்டு விண்டோஸ் "சரி"ன்னுச்சுன்னா, அது குடுத்த வாக்கு. என்னைக்கு அந்த இடத்தை உபயோகிச்சாலும் குடுத்தாகணும். அதனால ரேம் பிளஸ் பேஜ் ஃபைல், இந்தக் கூட்டுத் தொகைக்கு மேல அது வாக்கு குடுக்கவே குடுக்காது. இதுக்குப் பேர் கமிட் லிமிட். அப்பா பொட்டியில 512ல 64 எம்பியை போர்டுலயே இருக்கிற கிராஃபிக்ஸ் எடுத்துக்குது, மிச்சம் 448. பேஜ் ஃபைல் இருந்த வரைக்கும் வாக்கு 1,216 எம்பி வரைக்கும் போகும். நான் அதைத் தூக்கினதும் 448லயே முடிஞ்சுது. பொட்டி பறந்ததுக்குக் காரணம் ரீஸ்டார்ட் பண்ணினதுதான். நான் பண்ணின வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அவ்வ்வ்வ்.

அடுத்தது வேகம். ரேம்லேர்ந்து ஒண்ணை எடுக்க சுமார் 100 நானோ செகண்ட்னு வெச்சுக்குங்க. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்ல தேடி எடுக்க சுமார் 10 மில்லி செகண்ட். ஒரு லட்சம் மடங்கு. மேடையிலேர்ந்து கடுகு டப்பா எடுக்க ஒரு செகண்ட் ஆகும்னா, பரண்லேர்ந்து இறக்க ஒரு நாளுக்கு மேல ஆகும். ஆக, பேஜ் ஃபைலை எவ்வளவு பெருசு பண்ணினாலும் பொட்டி வேகமாகாது. விழாம நிக்கும், அவ்வளவுதான்.

கடைசியா த்ராஷிங். ஒரே நேரத்துல தேவைப்படுற சாமான் மேடையை விடப் பெருசா இருந்தா என்ன ஆகும்? ஒண்ணை இறக்க இன்னொண்ணை ஏத்தணும், ஏத்தினதையே அடுத்த நிமிஷம் இறக்கணும். ஏணி ஏறி இறங்குறதே வேலையாயிடும், சமையல் நடக்காது. பீட்டர் டென்னிங் 1968ல இதைப் பத்தி எழுதினார். ஒரு ப்ரோகிராம் அந்தந்த நேரத்துல நிஜமா தொட்டுக்கிட்டு இருக்கிற பேஜ்களுக்கு 'வொர்க்கிங் செட்'னு பேர் வெச்சு, அது ரேமுக்குள்ள அடங்கணும்னார். காலேஜ்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல இதுக்கு படம் போட்டு, ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, மார்க் வாங்கினவன் நான். வீட்டுல அப்பாகிட்ட "எத்தனை ஃபைல் திறந்து வெச்சு வேலை செய்றீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை.

டெக்னிக்கல் முடிஞ்சுது, தாண்டிப் போனவங்க திரும்பி வரலாம்.

சனிக்கிழமை காலையில முதல் வேலையா டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். 'அப்பா கடிதம்'னு ஒரு ஃபோல்டர். உள்ள 58 படம், எல்லாம் பிஎம்பி. ஒவ்வொண்ணும் 100 எம்பி. கிட்டத்தட்ட 5.8 ஜிபி. டெஸ்க்டாப்ல இருக்கிறதெல்லாம் சி டிரைவ்லதான் இருக்கு. டி டிரைவ் காலி மைதானமா கிடக்கு. சி நிரம்பிப் போனதாலதான் பேஜ் ஃபைல் பெருசாக முடியலை, அதனாலதான் அந்த மெசேஜ். நான் 5.8 ஜிபியை விட்டுட்டு 768 எம்பியைத் தூக்கி எறிஞ்சிருக்கேன்!

"ஏம்ப்பா ஒவ்வொண்ணும் 100 எம்பி?"

"600 டிபிஐல எடுக்குறேன். கம்மியா வெச்சா பென்சில் எழுத்து தெரிய மாட்டேங்குதுடா."

ஒரு பேப்பர் எடுத்து கணக்குப் போட்டேன். ஏ4 அளவு கண்ணாடி முழுக்க 600 டிபிஐ, கலர். அகலம் 4,961 புள்ளி, உயரம் 7,016. பெருக்கினா கிட்டத்தட்ட 3.48 கோடி. ஒரு புள்ளிக்கு 3 பைட். 10.4 கோடி பைட். வாத்தியார் பேப்பரை வாங்கி ஒரு தடவை சரி பார்த்துட்டு, "ம்"னார்.

படங்களை டி டிரைவுக்கு மாத்தினேன், பென் டிரைவ்ல இன்னொரு காப்பி. பேஜ் ஃபைல்தான் ஏற்கெனவே இல்லையே, அந்த நேரத்துலயே சி டிரைவை டிஃப்ராக் பண்ணிட்டேன். எக்ஸ்பியோட டிஃப்ராக் பேஜ் ஃபைலைத் தொடாது. அதனால அது இல்லாதப்போ இடத்தை ஒழுங்கு பண்ணிட்டு, அப்புறம் உருவாக்கினா சிதறாம ஒரே துண்டா உட்காரும். நான் பண்ணின தப்புக்கு இந்த ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும். கஸ்டம் சைஸ்ல இனிஷியல் 1536, மேக்ஸிமம் 1536. ரெண்டும் ஒண்ணா இருந்தா நடுவுல வளர்ந்து துண்டாகாது. இதுல 'செட்' அமுக்காம வெறும் ஓகே அமுக்கினா ஒண்ணும் மாறாது, பலபேர் ஏமாறுற இடம் அது. டி டிரைவுல வெச்சா வேகமா இருக்குமேன்னு கேட்பீங்க. அது ஒரே டிஸ்க்கோட இன்னொரு பாகம்தான், அதே ஊசிதான் ஓடணும். தனி டிஸ்க்கா இருந்தாத்தான் லாபம்.

அப்புறம் நான் முன்னாடியே பண்ணியிருக்க வேண்டியதைப் பண்ணினேன். அப்பாவை வழக்கம் போல வேலை செய்யச் சொல்லிட்டு, பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

பேஜ்மேக்கர் திறந்தார். எடிட்டர்ல ஒரு கடிதம் திறந்தார். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ரெண்டு.

"எதுக்குப்பா நாலு?"

"இங்க பாரு, இது 'ழ'வா 'மு'வான்னு தெரியலை. அவர் மத்த கடுதாசியில 'ழ' எப்படிப் போட்டிருக்கார்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு படிக்க முடியாதுடா."

அவரோட வொர்க்கிங் செட் நாலு கடிதம். அதைக் குறைக்கச் சொல்ல முடியாது. நாலு படமே 400 எம்பிக்கு மேல, எடிட்டர் அன்டூவுக்கு எடுத்து வைக்கிற காப்பி வேற. மதியம் டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்த்தேன். கமிட் சார்ஜ்ல 'பீக்'னு ஒரு எண் இருக்கும், பொட்டியைப் போட்டதுலேர்ந்து அதிகபட்சமா எவ்வளவு வாக்கு குடுத்துச்சுன்னு. 13.2 லட்சம் கே, அதாவது 1,290 எம்பி. பேஜ் ஃபைல் எவ்வளவு வைக்கணும்கிறதுக்கு இந்த எண்தான் அளவுகோல். ரேமைப் போல ஒண்ணரை மடங்குன்னு ஒரு சூத்திரம் சொல்லுவாங்க. அதை நம்பினா ரேம் கம்மியா இருக்கிற, பேஜ் ஃபைல் ரொம்பத் தேவைப்படுற பொட்டிக்குத்தான் கம்மியா வரும். பீக்லேர்ந்து ரேமைக் கழிச்சு, மேல கொஞ்சம் தாராளமா வெச்சாப் போதும். எங்களுக்கு 1,290ல 448 போனா 842. 1536 தாராளம்.

கவனிச்சீங்களா? 512 எம்பி ரேமுக்கு எக்ஸ்பி தானா வைக்கிற மேக்ஸிமமும் 1536தான். இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி, விண்டோஸ் 2005லயே போட்டு வெச்சிருந்த நம்பருக்கே வந்து சேர்ந்திருக்கேன் :-)

பொட்டி விழலை. ஆனா ஒரு கடிதத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறப்பல்லாம் ஹார்ட் டிஸ்க் லைட் விடாம எரியுது, கரகரன்னு சத்தம். 100 எம்பி படத்துக்கு 25,000 பேஜுக்கு மேல. ஒவ்வொண்ணையும் தனித்தனியா தேடி எடுத்தா நாலு நிமிஷம் தாண்டும். நிஜத்துல கும்பலா எடுக்கும், அதனால அவ்வளவு ஆகலை. ஆனாலும் அப்பா மவுஸ்லேர்ந்து கையை எடுத்துட்டுக் காத்திருந்தார். இத்தனை நாளா இப்படித்தான் காத்திருந்திருக்கார்.

இன்லேண்ட் லெட்டர் ஸ்கேனர் கண்ணாடியில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை மூடி. அதையும் 600ல எடுத்துக்கிட்டு இருந்திருக்கார். பென்சில் எழுத்துக்குக் கலரும் தேவையில்லை. 600 டிபிஐயைத் தொடலை. கடிதத்தை மட்டும் கட்டம் போட்டு வெட்டி, க்ரேஸ்கேல் ஆக்கினேன். புள்ளிக்கு ஒரு பைட். 104 எம்பி இருந்தது 20 எம்பிக்கு வந்துச்சு. 58 படத்தையும் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்து மாத்தினோம். கலர் ஒரிஜினலை டி டிரைவுல அப்படியே வெச்சிருக்கு.

ஞாயித்துக்கிழமை நாலு கடிதம், பேஜ்மேக்கர், எல்லாம் திறந்து வேலை செஞ்சார். பீக் 450 எம்பியைத் தாண்டலை. லைட் எப்பவாவது மினுக்கிச்சு. "என்னடா, சத்தத்தையே காணோம்?"னார்.

அன்னைக்கு ராத்திரி அவர் ஒரு கடிதத்தை அப்பாயிக்குப் படிச்சுக் காட்டினார். தினம் ஒண்ணு படிக்கிறது அவங்க வழக்கமாம், எனக்கு அது தெரியாது. "மூணு மாசமா கிழவனூர்லதான் டூட்டி"ன்னு படிச்சார். அப்பாயி கண்ணை மூடிக்கிட்டே, "கீவளூர்டா. நீ அப்ப கைப்புள்ள. தூக்கிக்கிட்டு ஒரு தடவை போயிருந்தேன்"னாங்க. அப்பா பென்சிலை எடுத்து குறிச்சுக்கிட்டார்.

நான் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, அந்தப் பொடிஞ்சு போன கடிதத்தை எடுத்து வரச் சொன்னேன். அப்பா படிச்சார். ஓட்டை வந்த இடத்துல நிறுத்தினார். அப்பாயி ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "தெரியலைடா. அவரு என்னென்னமோ எழுதுவாரு"ன்னுட்டாங்க.

வெளியில திண்ணைக்கு வந்தப்புறம் சொன்னேன். "அப்பா, அது நான் மாத்தின செட்டிங்காலதான் போச்சு."

"தெரியும். டிக் மார்க் எங்க இருந்துச்சுன்னு எழுதி வெச்சிருந்தேன். நீ போனதுக்கு அப்புறம் பார்த்தேன், மாறியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ இன்ஜினியராச்சே, காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

இதுக்கு அவர் திட்டியே இருக்கலாம்.

புஸ்தகம் பங்குனியில முடிஞ்சுது. உள்ளூர்லயே பிரின்ட், முப்பது காப்பி. அப்பாயி அதை மடியில வெச்சுத் தடவிப் பார்த்தாங்க. 41ஆம் பக்கத்துல ஒரு வரியில ரெண்டு வார்த்தைக்கு இடம் விட்டுப் புள்ளி வெச்சிருக்கார். அடிக்குறிப்பெல்லாம் எதுவும் போடலை.

பி.கு. 1: இப்போ உங்க கையில இருக்கிற விண்டோஸ் 11 மெஷின்ல 16, 32 ஜிபி ரேம் இருந்தாலும் பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணாதீங்க. 'சிஸ்டம் மேனேஜ்டு'லயே விட்டுடுங்க. அதே வாக்குக் கணக்குதான் அதுலயும்.

பி.கு. 2: பழைய பொட்டியில எதையாவது மாத்துறதுக்கு முன்னாடி இருந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. எங்க வீட்டு சிபியு மேல இப்போ ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. அப்பா கையெழுத்துல '1536 / 1536', தேதி, அதுக்குக் கீழே 'கேட்காமல் மாற்றக் கூடாது'.